துறை வழியே கோயிலுக்கு

பத்தாண்டு நிறைவு விழாவில் பேச வேண்டும் என்று செயலாளர் அவர்கள் எனக்கு எழுதிய மடலில், 'ஆற்றங்கரைக் கோயில்கள்' என்று தலைப்பையும் அவரே குறித்திருந்தார். பரந்த தலைப்பு. காவிரியை மட்டும் எடுத்துக்கொண்டாலும் இவ்விழாவை இன்னும் மூன்று நாள் நீட்டித்தாக வேண்டும். ஆதலின், நான் பிறந்து வளர்ந்த நெல்லைச் சீமையின் ஆறாகிய பொருநையோடு நிறுத்திக்கொள்கிறேன். அதிலும் எல்லாக் கோயில்களையும் சுற்றிவரப் போவதில்லை. இரண்டு கோயில்களில் சற்று நீள நின்று, ஏனையவற்றை வழியிலேயே வணங்கிச் செல்வதாக எண்ணம்.

இப்பொருளில் எனக்கு முன்னோடிகள் இருவர். இருவரும் நெல்லைச் சீமையினர். ரா.பி. சேதுப்பிள்ளை அவர்கள் 'ஆற்றங்கரையினிலே' என்று தம் நூலுக்குப் பெயர் சூட்டினார். தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான் அவர்கள், 'வேங்கடம் முதல் குமரி வரை' என்னும் தம் நெடும்பயண நூலில் தென்கோடிப் பகுதிக்குப் 'பொருநைத் துறையிலே' என்று தலைப்பு வைத்தார். கரை என்றார் ஒருவர். துறை என்றார் மற்றவர். இவ்விரண்டு சொற்களையும் நாம் ஒன்றாகவே வழங்குகிறோம். ஆயினும் இவற்றிடையே ஒரு வேறுபாடு உண்டு. கரை என்பது ஆறு தனக்குத் தானே வகுத்துக்கொண்ட எல்லை. துறை என்பது மனிதன் அவ்வெல்லையைக் கடந்து நீருக்குள் இறங்குவதற்கு அமைத்துக்கொண்ட இடம். கரையில் நின்று பார்க்கலாம். துறையில் இறங்கத்தான் வேண்டும்.

தமிழர் இச்சொல்லின்மீது கொண்டிருந்த மதிப்பு பெரிது. அகப்பொருளையும் புறப்பொருளையும் திணையாகப் பகுத்தவர்கள், திணைக்குள் நுட்பமான உட்பிரிவுகளுக்குத் 'துறை' என்றே பெயரிட்டனர். ஒன்றைக் கசடறக் கற்றவனைத் 'துறைபோகியவன்' என்றனர். கம்பர் கோதாவரியைச் சான்றோர் இயற்றிய செய்யுளுக்கு ஒப்பிடுகையில், ஆற்றின் துறையையும் அகத்திணைத் துறையையும் ஒரே சொல்லில் பொருத்திக் காட்டுவதை இங்குள்ள புலவர் பெருமக்கள் அறிவர். இக்காலத்தில் அரசு அலுவலகங்களுக்கும் துறை என்றே பெயர். அத்துறைகளில் இறங்கியவர் கரையேறுவது எளிதன்று என்பது வேறு செய்தி.

நான் சொல்ல விழைவது இதுதான். ஆற்றங்கரைக் கோயிலுக்கு வாயில்கள் இரண்டு. ஒன்று கோபுர வாயில், மற்றொன்று துறை. கட்டியவர்கள் இரண்டையும் எண்ணியே கட்டினார்கள். பயணிகளாகிய நாம் இன்று முதல் வாயிலை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டாவதைக் கைவிட்டு வருகிறோம். கைவிட்டதனால் கோயிலுக்கும் குறை, ஆற்றுக்கும் கேடு.

பழைய பயணியின் முறையை எண்ணிப் பாருங்கள். அவன் கால்நடையாகவோ வண்டியிலோ வந்து சேர்வான். முதலில் துறைக்குச் செல்வான். புழுதி படிந்த காலை நனைப்பான், நீராடுவான், ஈர ஆடையைப் பிழிந்து படிக்கல்லில் உலர்த்துவான், நீறோ நாமமோ அணிவான், அதன்பின்னர்க் கோயில். கோயிலுக்கும் ஆறு வேண்டும். இறைவனுக்குத் திருமஞ்சன நீர் ஆற்றிலிருந்து வரும். திருவிழா முடிவில் இறைவனே தீர்த்தவாரிக்கு ஆற்றுக்கு எழுந்தருள்வார். திருநெல்வேலியில் நெல்லையப்பர் கோயில் நகரின் நடுவே இருக்கிறது, ஆற்றங்கரையில் இல்லை. எனினும் தைப்பூசத்தன்று இறைவன் சிந்துபூந்துறை நோக்கிப் புறப்பட்டு, ஆற்றோரத்துத் தைப்பூச மண்டபத்திற்கு எழுந்தருள்கிறார். ஆற்றிலிருந்து விலகி இருக்கும் கோயிலுக்கும் ஆற்றோடு உறவு விட்டுப்போகலாகாது என்று நம் முன்னோர் கருதியிருக்கின்றனர்.

இன்னொன்றும் உண்டு. பொருநைக்கரையில் நவகைலாயம் எனப்பெறும் ஒன்பது சிவத்தலங்கள் இருக்கின்றன. பாபநாசத்தில் தொடங்கி, சேரன்மகாதேவி, கோடகநல்லூர், குன்னத்தூர், முறப்பநாடு, திருவைகுண்டம், தென்திருப்பேரை, இராசபதி எனச் சென்று, கடலை நெருங்கும் சேர்ந்தபூமங்கலத்தில் முடியும் வரிசை அது. அகத்தியரின் மாணாக்கராகிய உரோமச முனிவர் ஒன்பது மலர்களை ஆற்றில் விட்டார் என்றும், அவை ஒவ்வொன்றும் ஒதுங்கிய இடத்தில் ஒவ்வொரு கோயில் எழுந்தது என்றும் தலவரலாறு கூறுகிறது. இறுதி ஊரின் பெயரிலேயே மலர் சேர்ந்த செய்தி அடங்கியிருக்கிறது. வரலாறு என்று இதனை எவரும் வாதிட வேண்டியதில்லை. இக்கதையைப் புனைந்தவர் உள்ளத்தில் இருந்ததை மட்டும் நோக்குங்கள். கோயில் எங்கு அமைய வேண்டும் என்பதை அரசன் தீர்மானிக்கவில்லை, முனிவரும் தீர்மானிக்கவில்லை, ஆறு தீர்மானித்தது.

மார்கழி ஞாயிற்றுக்கிழமைகளில் இவ்வொன்பது தலங்களுக்கும் ஒரே நாளில் சென்றுவரச் சிறப்புப் பேருந்துகள் விடப்பெறுகின்றன. வைகறையில் புறப்பட்டு இரவில் திரும்பலாம். இதனை நான் பழிக்கவில்லை. முழங்கால் வலியுள்ள முதியோர் இவ்வசதி இல்லையேல் வீட்டிலேயே இருந்துவிடுவர். ஆனால் கணக்கிட்டுப் பாருங்கள். ஒன்பது கோயில், ஒரு பகல். ஒவ்வொரு கோயிலிலும் வண்டியிலிருந்து இறங்கி, வரிசையில் நின்று, வணங்கி, நீறு பெற்று, ஓட்டுநர் ஒலிப்பான் அடிப்பதற்குள் திரும்ப வேண்டும். பொருநை பொதிகையில் தோன்றிப் புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கும் வரையில் ஏறத்தாழ 128 கிலோமீட்டர். ஆறு மலர்களைச் சுமந்து சென்ற அவ்வழியை ஏறக்குறைய முழுவதும் ஒரே நாளில் கடந்துவிட்டு, ஆற்றைப் பாலத்தின் மேலிருந்து மட்டும் பார்த்துத் திரும்புவோர் பலர்.

இனிப் பாபநாசம். மலையிலிருந்து இறங்கிய ஆறு சமவெளியில் கால் வைக்கும் இடம். பாபநாசநாதரும் உலகம்மையும் அங்கே கோயில் கொண்டுள்ளனர். விக்கிரமசிங்கபுரத்து நமச்சிவாயக் கவிராயர் உலகம்மையிடம் உள்ளம் தோய்ந்து பாடியவர். இயற்கை எழிலைப் பற்றித் தொண்டைமான் போன்றோர் எழுதிய பின்னர் நான் எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. அங்கே வேறொன்றைச் சொல்ல வேண்டும். முன்னோர் கடன் கழிக்க வருவோர், நீராடியபின் உடுத்திவந்த ஆடையை ஆற்றிலேயே விட்டுவிட்டுச் செல்லும் வழக்கம் பெருகிவிட்டது. ஆடி அமாவாசை, தை அமாவாசை கழிந்த மறுநாள் அத்துறையைப் பார்த்தோர் நெஞ்சு பதறும். கல் இடுக்கிலும் வேரிலும் நீருக்கடியிலும் துணி. தொண்டு செய்யும் இளைஞர்கள் இறங்கி இறங்கி அவற்றை வாரி, கரையில் குவித்து, வண்டி வண்டியாக அப்புறப்படுத்துகின்றனர். துணியோடு பாவம் நீங்கும் என்று எந்த ஆகமம் சொல்லிற்று? என் ஆச்சி அமாவாசைதோறும் ஆற்றுக்குப் போனவள். ஓர் இழை நூலைக் கூட அவள் ஆற்றில் விட்டுப் பார்த்ததில்லை. நனைந்த சேலையைப் பிழிந்து தோளில் இட்டுக்கொண்டு வருவாள். ஆற்றில் துப்பிய பிள்ளைகள் அவள் கையால் அடி வாங்காமல் தப்பியதில்லை.

பாபநாசத்திலிருந்து ஆற்றோடு கீழிறங்கினால், கடனாநதி வந்து பொருநையோடு கலக்கும் இடத்தில் திருப்புடைமருதூர் இருக்கிறது. இங்குச் சற்று நீள நிற்க விரும்புகிறேன்.

மருதமரத்தால் பெயர்பெற்ற சிவத்தலங்கள் மூன்று. கிருஷ்ணையாற்றுக் கரையில் உள்ள ஸ்ரீசைலம் தலைமருது. காவிரி நாட்டுத் திருவிடைமருதூர் இடைமருது. பொருநைக்கரையில் உள்ள இது புடைமருது. மருதம் நீரை நாடி வளரும் மரம். வயலும் வயல்சார்ந்த நிலமும் அம்மரத்தின் பெயரையே திணைப்பெயராகப் பெற்றிருக்கின்றன. புடைமருதூர்த் துறையில் இன்றும் மருதமரங்கள் நிற்கின்றன. அடிமரத்தைக் கட்டிப்பிடிக்க ஒருவர் கை போதாது. அவற்றின் வேர்கள் கரை மண்ணைக் கவ்வியிருப்பதைப் பார்த்தால், கரையைக் காப்பது கல்லா மரமா என்ற ஐயம் எழும்.

இறைவன் திருப்பெயர் நாறும்பூநாதர், அம்மை கோமதி. கருவறையில் இலிங்கத் திருமேனி ஒருபுறம் சற்றே சாய்ந்திருக்கிறது. கருவூர்ச் சித்தர் இத்தலத்திற்கு வந்தபோது ஆற்றில் பெருவெள்ளம். கடக்க இயலாமல் எதிர்க்கரையில் நின்றவாறே அவர் இறைவனை அழைத்தார். அவர் குரலை நன்கு கேட்கும்பொருட்டு இறைவன் செவி சாய்த்தார். சாய்ந்தவர் அவ்வாறே இருந்துவிட்டார். தலவரலாறு கூறும் செய்தி இவ்வளவுதான். எனக்கு இது தமிழ்நாட்டுத் தலக்கதைகளுள் மிகவும் உவப்பானது. வெள்ளத்தை இறைவன் வற்றச் செய்தார் என்று கதை சொல்லியிருக்கலாம். ஆறு இரண்டாகப் பிளந்து வழிவிட்டது என்றும் சொல்லியிருக்கலாம். அவ்வாறு சொல்லத் தெரியாதவர்கள் அல்லர் நம்மவர். இங்கே வெள்ளம் வெள்ளமாகவே இருக்கிறது. தன் இயல்பினின்று மாறவில்லை. கோயிலுக்குள் இருப்பவர்தாம் துறைப்பக்கம் சாய்கிறார்.

கோபுர வாயிலைப் புறக்கணிக்கிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். புடைமருதூரின் ஐந்துநிலைக் கோபுரம் உள்ளே ஏறிக் காணத்தக்கது. ஒவ்வொரு நிலையிலும் சுவர்களில் ஓவியம். மரத்தூண்களிலும் விட்டங்களிலும் நுண்ணிய செதுக்கு வேலை. புராணக் காட்சிகளோடு போர்க்களக் காட்சிகளும் உள்ளன. குதிரைகளை ஏற்றிவரும் மரக்கலம் ஒன்றும் தீட்டப்பெற்றிருக்கிறது. வெளிச்சம் குறைவு, படிகள் செங்குத்து. முறையான இசைவு பெற்று, விளக்கோடு, பொறுமையோடு ஏறுவோர்க்கு அரை நாள் போவது தெரியாது. ஆற்றோரச் சிற்றூரின் கோபுரத்திற்குள் கடல் வாணிகமும் வந்து அமர்ந்திருக்கிறது.

மேலே ஏறியவர் கீழே இறங்கி மரங்களையும் பார்க்க வேண்டும். நாரை, கொக்கு, மடையான் முதலிய நீர்ப்பறவைகள் ஊருக்குள் இருக்கும் மரங்களிலும் துறையோரத்து மருதமரங்களிலும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. எச்சத்தால் முற்றம் கெடும். இரைச்சலால் உறக்கம் கெடும். எனினும் ஊரார் அவற்றை விரட்டுவதில்லை. அவர்களே விரும்பிக் கேட்டதன்பேரில் 2005ஆம் ஆண்டு அவ்விடம் பறவைகளுக்கான பாதுகாப்பகமாக அறிவிக்கப்பெற்றது. நாட்டிலேயே அவ்வகையில் முதலாவது அது. அடைக்கலம் கொடுத்தல் கோயிலூரின் கடமை என்று அம்மக்களுக்கு யாரும் வகுப்பு நடத்தவில்லை.

இறைவன் பெயரில் ஒரு சொல் இருக்கிறது. இலக்கிய வட்டத்தில் அதனைத் தொடாமல் செல்லலாகாது. நாறும்பூ. நாறுதல் என்றால் பழந்தமிழில் மணத்தல். குறுந்தொகைத் தலைவியின் கூந்தல் நாறிற்று என்றால் அது பாராட்டு. இன்று அச்சொல்லை எவரிடமேனும் வழங்கிப் பாருங்கள், பகை வரும். சொல் தன் மணத்தை இழந்து எதிர்ப்பொருளுக்குச் சென்றுவிட்டது. 'இழிபொருட்பேறு' என்று மொழிநூலார் இதனை வகைப்படுத்திவிட்டு அடுத்த சொல்லுக்குச் செல்வர். நான் அஞ்சுவது, அச்சொல்லுக்கு நேர்ந்தது ஆற்றுக்கும் நேர்ந்துகொண்டிருக்கிறதே என்பதுதான். நம்மாழ்வார் பொருநல் என்று போற்றிய ஆற்றில், கரையோர ஊர்களின் சாக்கடை கலப்பது குறித்து உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பலமுறை வழக்குகளைக் கேட்டிருக்கிறது. பண்டை மணம் இருந்த இடத்தில் இன்றைய நாற்றம். எழுத்து மாறவில்லை, பொருள் மாறிற்று.

இனிக் குறுக்குத்துறை. திருநெல்வேலி நகரத்திலிருந்து தெற்கே நடந்து செல்லும் தொலைவு. பெயரிலேயே துறை இருக்கிறது. அங்கே முருகன் கோயில் கரையில் இல்லை, ஆற்றுக்குள் இருக்கிறது. மூலவர் பாறையில் புடைப்பாகச் செதுக்கப்பெற்றவர். ஆதலால் அவரைப் பெயர்க்க இயலாது. அப்பாறைப் பகுதிக்குத் திருவுருமாமலை என்று பெயர். திருச்செந்தூர் மூலவர் திருவுருவுக்கு இங்கிருந்தே கல் எடுத்துச் சென்றனர் என்பது வழிவழிச் செய்தி.

ஆற்று நடுவே கோயில் கட்டியவன் வெள்ளத்தை மறந்திருப்பானா? மேற்கிலிருந்து ஆறு வருகிறது. ஆதலின் மேற்குப்புற மதிலைப் படகின் முனைபோலக் கூராக அமைத்தான். வருகின்ற வெள்ளம் அம்முனையில் மோதிப் பிளந்து, இருபுறமும் வழிந்து ஓடிவிடும். அதற்கும் மேல் வெள்ளம் பெருகினால்? பெருகட்டும், உள்ளே வரட்டும், கூரையின் மேலும் செல்லட்டும் என்று விட்டான். வெள்ளம் வருகிறது என்ற செய்தி எட்டியதும், உற்சவத் திருமேனிகளையும் பூசைப் பொருள்களையும் கரையிலுள்ள மேலக்கோயிலுக்கு எழுந்தருளச் செய்துவிடுவர். பூசை அங்கே இடையறாது நடக்கும். கீழே மூலவர் நீருக்குள் இருப்பார். வெள்ளம் வடிந்ததும் மண்ணையும் சருகையும் மரக்கிளைகளையும் வாரிக் கழுவித் தூய்மை செய்து, மீண்டும் கீழ்க்கோயிலில் வழிபாடு தொடங்கும்.

எங்கள் சிறுவயதில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இதுவே பேச்சு. பள்ளிக்குச் செல்லும் வழியில் பெரியவர்களிடம் கேட்போம்: "தண்ணி எதுவரைக்கும் வந்திருக்கு?" அளவு சொல்வதற்குக் கோல் எதுவும் வேண்டியதில்லை. "கோயில் மதிலைத் தொட்டுட்டுது" என்பர். "உள்ள புகுந்துட்டுது" என்பர். "கோயிலே தெரியல" என்பர். இம்மூன்றிலேயே ஊர் தன் நிலையை அறிந்துகொள்ளும். ஆற்றோரத்தார் மூட்டை கட்டுவதும் கட்டாததும் இவ்விடைகளைப் பொறுத்தது. சமயத்தோடு தொடர்பில்லாதவர்க்கும் அக்கோயில் வெள்ளமானியாகப் பயன்பட்டது.

குறுக்குத்துறைக்குக் கீழே, பாளையங்கோட்டைக்கும் நெல்லைக்கும் இடையே சுலோசன முதலியார் பாலம் இருக்கிறது. ஆட்சியர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்த அவர், தம் சொந்தப் பொருளைச் செலவிட்டுக் கட்டுவித்த பாலம், 1843இல் திறக்கப்பெற்றது. நெல்லைக்காரர் எவரும் அவரை நன்றியோடுதான் நினைப்பர். உறுதி வாய்ந்த அந்தப் பாலமும் 1869ஆம் ஆண்டு வெள்ளத்தில் ஒரு பகுதி இடிந்து, பின்னர்ச் செப்பனிடப்பெற்றது. பாலத்தின் இலக்கணம் நீருக்கு மேலே நிற்பது. அவ்விலக்கணத்தை வெள்ளம் மீறினால் அதற்கு வேறு வழி இல்லை. குறுக்குத்துறைக் கோயிலோ நீருக்குள் நிற்பதற்கென்றே கட்டப்பெற்றது.

1992 நவம்பரில் பெருவெள்ளம் வந்து உயிர்களைப் பலிகொண்டதை எங்கள் தலைமுறை மறவாது. 2023 டிசம்பர் 17, 18ஆம் நாள்களில் வந்ததை இளைஞர்களும் மறவார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. நெல்லைச் சந்திப்புப் பேருந்து நிலையம் நீருக்குள் நின்றது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு வண்டி, தண்டவாளத்தின் அடிமண் அரிக்கப்பட்டதால், திருவைகுண்டம் நிலையத்திலேயே நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுவிட்டது. பக்கத்து ஊரார், தாமும் வெள்ளத்தால் சூழப்பட்டிருந்த நிலையில், அவர்களுக்குச் சோறு சமைத்துக் கொடுத்தனர். அந்த நாள்களில் குறுக்குத்துறைக் கோயில் முற்றிலும் மூழ்கிற்று. வடிந்தபின் கோயில் இருந்த இடத்திலேயே இருந்தது. கழுவினார்கள், விளக்கேற்றினார்கள்.

இத்தகைய வெள்ளம் ஒவ்வொன்றின்போதும், "ஆற்றுக்குள் கோயில் எதற்கு? கரையில் நல்ல மேட்டில் புதிதாகக் கட்டிவிடலாமே" என்று யாரேனும் சொல்லக் கேட்கிறேன். நல்லெண்ணத்தால் சொல்வதுதான். ஆயினும் எனக்கு உடன்பாடில்லை. கரையில் ஏற்கெனவே மேலக்கோயில் இருக்கிறது. பூசைக்குத் தடை எதுவும் இல்லை. கீழ்க்கோயிலை அகற்றினால், ஆற்றுக்கு உரிய அகலம் இவ்வளவு என்பதற்கு ஊர் நடுவே நிற்கும் ஒரே சான்றையும் அகற்றியவர்கள் ஆவோம். கோயில் மூழ்கியபோது எவரும் வியப்படையவில்லை. மூழ்கும் என்று கட்டியவனே எழுதாமல் எழுதி வைத்திருக்கிறான். வியப்படைந்தவர்கள், கால்வாயை ஒட்டியும் குளத்தின் வயிற்றிலும் மனை வாங்கி வீடு கட்டியவர்கள். அவர்களைக் குறை கூறுவது என் நோக்கமன்று; மனை விற்றவன் எவனும் அவர்களுக்கு ஆற்றின் கணக்கைக் காட்டியிருக்க மாட்டான். குறுக்குத்துறைக்கு வாரம் ஒருமுறை சென்றுவந்த குடும்பம் அக்கணக்கைத் தானாகவே கற்றிருக்கும்.

துறைக்கு வந்த இன்னொரு கேடு மணல் போனது. கேட்கச் சிறிய செய்திபோலத் தோன்றும். ஆற்றில் மணல் இருந்தால்தான் படுகை உயர்ந்திருக்கும். படுகை உயர்ந்திருந்தால்தான் துறையின் கடைசிப் படி நீரைத் தொடும். மணலை வெட்டி எடுத்துவிட்டால் ஆறு பள்ளத்தில் போகும். படிகள் நீரைத் தொடாமல் வெளியில் நிற்கும். மணல் தோண்டிய குழிகள் நீருக்கடியில் தெரியா. நீராட இறங்கியவர்களைக் கொள்ளும். மணல் ஊற்றில் தெளிந்து வந்த குடிநீரும் போயிற்று. முதுபெருந்தலைவர் இரா. நல்லகண்ணு அவர்கள் தொடுத்த வழக்கில், 2010ஆம் ஆண்டு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தாமிரபரணியில் மணல் அள்ளுவதற்குத் தடை விதித்தது. அவர் திருவைகுண்டத்தில் பிறந்தவர். கோயில் வழிபாட்டை முன்னிட்டு வழக்காடியவர் அல்லர். எனினும் துறைகளுக்கு அவர் செய்த தொண்டு, குடமுழுக்குச் செய்வித்தவர்களின் தொண்டுக்குக் குறைந்ததன்று என்று நான் இந்த மேடையில் துணிந்து கூறுவேன்.

2018 அக்டோபரில் தாமிரபரணிக்கு மகா புஷ்கர விழா எடுத்தனர். பன்னிரண்டு நாள், பாபநாசம் முதல் கடல்முகம் வரையில் துறைதோறும் மக்கள் கூட்டம். பல ஆண்டுகளாக முட்செடி மூடிக்கிடந்த படித்துறைகள் அதற்காகத் துலக்கப்பெற்றன. அவற்றுட் சில, பெயரே வழக்கிழந்த துறைகள். விழா முடிந்தபின் அவற்றில் எத்தனை துறைகளை ஊரார் நாள்தோறும் பயன்படுத்தினர் என்பதே கேள்வி. ஆள் இறங்காத துறையில் அமலைச் செடி இறங்கும்.

நேரம் கடந்துகொண்டிருப்பதைத் தலைவர் அவர்களின் கைக்கடிகாரம் காட்டுகிறது. இரண்டு ஊர்களை மட்டும் தொட்டு முடிக்கிறேன்.

ஒன்று சீவலப்பேரி. முக்கூடற் பள்ளு பாடம் நடத்தும் ஆசிரியர்கள் இங்கு இருக்கிறீர்கள். அந்த முக்கூடல், அம்பாசமுத்திரம் பக்கத்தில் இன்று முக்கூடல் என்று வழங்கும் ஊர் அன்று. நெல்லைக்குக் கிழக்கே, சிற்றாறு வந்து பொருநையோடு கூடும் சீவலப்பேரி. அழகர் கோயில் அங்கே இருக்கிறது. பள்ளின் வெள்ளக் காட்சியை வகுப்பறையில் நடத்துவதைவிட, மாணவர்களை ஒரு கார்த்திகை மாதத்தில் அக்கூடலுக்கு அழைத்துச் சென்று, பாதுகாப்பாகக் கரைமேல் நிறுத்தி, இரண்டு ஆறுகளின் நீர் நிறம் வேறு வேறாக வந்து கலப்பதைக் காட்டுங்கள். உரையாசிரியர் வேண்டியதில்லை.

மற்றொன்று இராசபதி. நவகைலாய வரிசையில் எட்டாவது. அங்கிருந்த பழங்கோயிலை முன்னொரு காலத்துப் பெருவெள்ளம் கொண்டுபோய்விட்டது. நெடுங்காலம் கோயில் இல்லாமலே அத்தலம் வரிசையில் வைத்து எண்ணப்பெற்றது. பயணிகள் வெற்றிடத்தை வணங்கிச் சென்றனர். நம் காலத்தில் புதிய கோயில் எழுந்திருக்கிறது. மலரை அங்கே ஒதுக்கிய ஆறே கோயிலை எடுத்துச் சென்றது என்பதற்காக அவ்வூரார் ஆற்றை வைததாக நான் கேட்டதில்லை.

செயலாளர் அவர்கள், வட்டத்தின் அடுத்த ஆண்டுச் சுற்றுலாவைப் பொருநைக்கரைக்கே வகுத்துவிடலாமா என்று இப்போது ஒரு சீட்டில் எழுதி அனுப்பியிருக்கிறார். வகுக்கலாம். ஒன்பது கோயில் வேண்டா, மூன்று போதும். தை மாதத்தில் வாருங்கள். மழை ஓய்ந்து நீர் தெளிந்திருக்கும், பிசானப் பயிர் கதிர் வாங்கியிருக்கும். முதல் நாள் புடைமருதூர். வீரவநல்லூர்ப் பக்கமாக வந்து ஆற்றைக் கடந்து ஊருக்குள் செல்லுங்கள், சித்தர் நின்ற எதிர்க்கரை எது என்று தெரியும். இரண்டாம் நாள் வைகறையில் குறுக்குத்துறை. வண்டியை நகரத்திலேயே நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். பிற்பகல் சீவலப்பேரி. நீந்தத் தெரியாதவர்கள் உள்ளூராரைக் கேட்காமல் இறங்க வேண்டா. ஆளுக்கு ஒரு மாற்றுடையும், நனைந்த துணியைத் திரும்பக் கொண்டுசெல்ல ஒரு பையும் எடுத்துவரச் சொல்லிச் சுற்றறிக்கையில் முதல் வரியாகப் போட்டுவிடுங்கள்.